குறைந்த செலவில் ஹெட்போன் ஆம்ப்: புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் வாங்குவோருக்கு

ஹெட்போனுக்குப் போகும் ஒலியை வலுப்படுத்தித் தரும் ஹெட்போன் ஆம்ப் வாங்கக் கடைக்குக் கிளம்புமுன், ஹெட்போன் வந்த பெட்டியைத் தேடி எடுங்கள். அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது ஹெட்போனின் மின்தடை, ஓம் கணக்கில். மற்றது சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, டெசிபல் கணக்கில். ஆம்ப் தேவையா, தேவை என்றால் எவ்வளவு பெரியது என்பதை இந்த இரண்டுமே சொல்லிவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிய ஒரு டாங்கிளோடு, அதாவது போனில் செருகும் சிறு அடாப்டரோடு, வேலை முடிந்துவிடும். மிச்சப் பணத்தை இன்னும் நல்ல ஹெட்போனுக்கு வைத்துக்கொள்ளலாம். நைந்துபோன இயர்பேடை மாற்றினால்கூடக் காதுக்கு வித்தியாசம் தெரியும்.

ஆம்ப் தீர்த்துவைக்கும் குறைகள் கொஞ்சம்தான். வால்யூமை முழுக்க வைத்தும் சத்தம் போதவில்லை, அடி ஒலி கொழகொழவென்று வீங்குகிறது, பாட்டு ஓடாதபோதும் புஸ்ஸென்று இரைச்சல் கேட்கிறது, மெதுவாக வைத்தால் ஒரு காதில் மட்டும் சத்தம் வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தால் மேலே படியுங்கள். உச்ச ஸ்தாயி காதைக் குத்துகிறது, குரல் பின்னால் போய்விடுகிறது என்பதெல்லாம் ஹெட்போனின் குணம். அதற்குச் செலவில்லாத மருந்து போனிலோ கணினியிலோ உள்ள ஈக்வலைசர். எந்த அலைவரிசையை எவ்வளவு ஏற்றினீர்களோ அந்த அளவுக்குப் ப்ரீஆம்ப், அதாவது மொத்த ஒலி அளவை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சத்தம் கரகரக்கும்.

இனி கணக்கு. சென்சிடிவிட்டியை இரண்டு விதமாக எழுதுவார்கள்: 1 மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல், அல்லது 1 வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. சென்ஹைசர் எச்.டி. 650-இன் 103 டெசிபல் 1 வோல்ட்டுக்கு உரியது. அதே ஹெட்போனுக்கு மில்லிவாட் கணக்கு சுமார் 98தான், ஏனென்றால் 300 ஓமில் 1 வோல்ட் என்பது 3.3 மில்லிவாட்.

இலக்காக 110 டெசிபல் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தில் யாரும் பாட்டுக் கேட்கக் கூடாது, காது போய்விடும். சராசரியாக 70, 75 டெசிபலில் கேட்டாலும் தவிலில் ஓர் அடி விழுந்தால் அந்த ஒரு கணம் 20 டெசிபல் மேலே எகிறும். பழைய கச்சேரிப் பதிவுகள் தாழ்ந்த அளவில் பதிவானவை. அவற்றுக்கு இன்னும் 10 வேண்டும். அந்த இடைவெளிக்காகத்தான், கொஞ்சம் கையிருப்பும் சேர்த்து, 110.

110-இலிருந்து உங்கள் ஹெட்போனின் மில்லிவாட் எண்ணைக் கழியுங்கள். 1 மில்லிவாட்டில் தொடங்கி, மிஞ்சும் ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் 10 மடங்கு, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் 2 மடங்கு மின்சக்தி. கிடைத்த மில்லிவாட்டை வாட்டாக மாற்றி ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் தேவையான வோல்ட் வந்துவிடும்.

மூன்று ஹெட்போன்களுக்குப் போட்டுப் பார்ப்போம். ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ்: 38 ஓம், 99 டெசிபல். வித்தியாசம் 11, தேவை சுமார் 12.5 மில்லிவாட், 0.7 வோல்ட். பேயர்டைனமிக் டி.டி. 990 ப்ரோ: 250 ஓம், 96 டெசிபல். வித்தியாசம் 14; தேவை 25 மில்லிவாட், 2.5 வோல்ட். ஹைஃபைமேன் எச்.இ.400எஸ்.இ.: 25 ஓம், 91 டெசிபல். வித்தியாசம் 19; தேவை 80 மில்லிவாட், 1.4 வோல்ட்.

முதலாவதற்கு 1 வோல்ட் தரும் சாதாரண டாங்கிள் தாராளம். இரண்டாவது வோல்ட் கேட்கிறது. 1 வோல்ட் டாங்கிளில் அது 102 டெசிபலோடு நின்றுவிடும்: புதுப் படப் பாட்டுக்குப் போதும், பழைய கச்சேரிக்குப் போதாது. மூன்றாவதின் வோல்ட் தேவை சின்னதுதான், ஆனால் கரண்ட் 56 மில்லிஆம்பியர். சிறிய டாங்கிள்கள் இங்கேதான் மூச்சு வாங்கும். வோல்ட் இருந்தும் அடி ஒலி கிழியும். ஓம் குறைவாக இருந்தால் ஓட்டுவது சுலபம் என்று கடையில் சொல்வார்கள், இந்த ஹெட்போனுக்கு அது செல்லாது.

விளம்பரத்தில் போடும் மில்லிவாட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் 16 அல்லது 32 ஓமில், அதுவும் இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி மைனஸ் கம்பி உள்ள பேலன்ஸ்டு அவுட்புட்டில் அளந்ததாக இருக்கும். அதிகபட்சம் 2 வோல்ட் தரும் ஆம்ப், அட்டையில் எவ்வளவு பெரிய எண் போட்டிருந்தாலும், 250 ஓம் ஹெட்போனுக்கு 16 மில்லிவாட்தான் தரும். 200 மில்லிவாட் ஆம்பை விற்று 400 மில்லிவாட் வாங்கினால் கிடைப்பது 3 டெசிபல். அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது வீண்.

அடுத்தது அவுட்புட் இம்பீடன்ஸ். ஆம்பின் சொந்த ஓம், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் பழைய ஸ்டீரியோ ஆம்ப் கண்ணில் பட்டால், மரப்பெட்டி, பெரிய குமிழ் எல்லாம் பார்த்து வாங்கத் தோன்றும். ஸ்பீக்கருக்கு வாங்கினால் சரி. ஹெட்போனுக்கு அவற்றில் பல, ஸ்பீக்கர் லைனிலிருந்தே 100 முதல் 470 ஓம் வரையுள்ள ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்து அனுப்புபவை. அதில் கம்பிச்சுருளால் கூம்பை அசைக்கும் சாதாரண டைனமிக் ஹெட்போனைச் செருகினால் அடி ஒலி வீங்கிக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒவ்வொரு அடிக்கும் இழுத்துக்கொண்டே போகும். தட்டையான மெல்லிய சவ்வு அதிரும் எச்.இ.400எஸ்.இ. போன்ற பிளேனர் வகைக்கு இந்த வீக்கம் வராது, அவற்றின் ஓம் எல்லா ஸ்வரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சத்தம் மட்டும் செத்துப்போகும்.

கையில் இருக்கும் போன் அல்லது டாங்கிள் எவ்வளவு தருகிறது என்று வீட்டிலேயே அளக்கலாம். ஒரு மல்டிமீட்டர், ஒரு 33 ஓம் ரெசிஸ்டர், அறுக்கத் தயாரான ஒரு ஆக்ஸ் வயர் போதும். மீட்டர் விஷயத்தில் மட்டும் கவனம். எங்கும் கிடைக்கிற மஞ்சள் நிற டி.டி. 830 வகையில் ஏ.சி.க்கு 200, 750 என்று இரண்டே ரேஞ்ச். 1 வோல்ட்டை அதில் அளக்க முடியாது. "அண்ணே, ஏ.சி.யில 2 வோல்ட் ரேஞ்ச் இருக்கிற மீட்டரா பாத்துக் குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். ஆட்டோ ரேஞ்ச் மீட்டரும் சரிதான்.

வயரைப் பாதியில் வெட்டித் தோலுரியுங்கள். பிளக்கின் நுனி இடது காது, நடு வளையம் வலது, அடிப்பகுதி பொதுக் கம்பி. பழைய இயர்போன் வயரை எடுக்காதீர்கள். அதன் செம்பு இழைகளில் சிவப்பு, பச்சை, நீலமாக வார்னிஷ் பூசியிருக்கும். சால்டரிங் ஐயர்னால் பொசுக்கினால்தான் கரண்ட் ஏறும், அதுவரை மீட்டர் பூஜ்யமே காட்டும். போனில் டோன் ஜெனரேட்டர் செயலியைத் திறந்து 100 ஹெர்ட்ஸ் சைன் அலையை முழு வால்யூமில் ஓடவிடுங்கள். அப்போது எந்த ஹெட்போனும் காதில் இருக்கக் கூடாது. இடது கம்பிக்கும் பொதுக் கம்பிக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 0.98 வோல்ட் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அதே இடத்தில் 33 ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து மறுபடி பாருங்கள். இப்போது 0.75 என்றால், 0.98-ஐ 0.75-ஆல் வகுத்து, 1 கழித்து, 33-ஆல் பெருக்குங்கள்: 10 ஓம். 32 ஓம் ஹெட்போனுக்கு இது கூடுதல், 250 ஓமுக்குப் பரவாயில்லை. ரெசிஸ்டர் சேர்த்தபின்பும் 0.95 நின்றால் 1 ஓம்தான். புது ஆம்புக்கு அவசரமே இல்லை.

பழைய ஆம்ப் வாங்கும்போது இதே மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்து, பாட்டு எதுவும் ஓடாமல் அவுட்புட்டை அளங்கள். 20-க்குள் இருந்தால் நல்லது. 50-ஐத் தாண்டினால் அதில் ஹெட்போனைச் செருகவே வேண்டாம். உள்ளே ஏதோ பழுது, ஹெட்போனின் கம்பிச்சுருள் சூடேறும்.

கெயின், அதாவது ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பது பற்றி ஒரு வார்த்தை. ஆம்பில் லோ, ஹை என்று சுவிட்ச் இருந்தால் லோவில் தொடங்குங்கள். கெயின் அதிகமானால் குமிழைக் கொஞ்சம் திருகினாலே சத்தம் போதும் என்றாகி, எப்போதும் அதன் அடிப்பகுதியிலேயே கேட்க வேண்டிவரும். குமிழுக்குப் பின்னால் இருக்கும் மலிவான வால்யூம் பாட் (பொட்டன்ஷியோமீட்டர்) அந்த இடத்தில்தான் இடதும் வலதும் சமமாகத் தராது. கெயின் சுவிட்ச் இல்லாத ஆம்பில் கணினியின் வால்யூமை 10 டெசிபல் குறைத்துவிட்டுக் குமிழை நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். காதுக்குள் செருகும் ஐ.இ.எம். வைத்திருப்பவர்களுக்குப் பெரிய ஆம்ப் வேண்டவே வேண்டாம். இரைச்சலைத்தான் விலைக்கு வாங்குவீர்கள்.

சரி, எதை வாங்குவது? கணக்கில் 1 வோல்ட்டுக்குள் வந்தவர்கள் ஆப்பிளின் டைப்-சி டாங்கிளை வாங்கலாம், அளவிட்டால் அது பல மடங்கு விலையுள்ளவற்றுக்கு இணையாக நிற்கும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது மிகத் தாழ்ந்த சத்தத்தில் ஓடும். யு.எஸ்.பி. ஆடியோ பிளேயர் ப்ரோ போல டாங்கிளோடு நேரே பேசும் செயலியில்தான் முழு 1 வோல்ட் கிடைக்கும். கணினியில் இந்தத் தொல்லை இல்லை. நேரு வீதியின் மொபைல் கடைகளில் தொங்கும் மிக மலிவான டைப்-சி அடாப்டர்களில் உள்ளே சிப்பே இல்லாத வெறும் கம்பி வகையும் உண்டு. அது எல்லாப் போனிலும் பாடாது. உங்கள் போனில் செருகிப் பாடவைத்துப் பார்த்தபின் காசு கொடுங்கள்.

2, 3 வோல்ட் தேவைப்பட்டால், சாதாரணம், பேலன்ஸ்டு என இரண்டு அவுட்புட் உள்ள பெரிய டாங்கிளா மேசை ஆம்பா என்ற கேள்வி வரும். கணினி முன்னால் உட்கார்ந்தே கேட்பவருக்கு மேசை ஆம்ப். பேலன்ஸ்டு அவுட்புட்டில் வோல்ட் இரட்டிப்பாகும், அதாவது 6 டெசிபல் கூடும். அதற்கு வயரும் பேலன்ஸ்டாக இருக்க வேண்டும். 4.4 மில்லிமீட்டர் துளையிலிருந்து சாதாரண 3.5 பிளக்குக்கு மாற்றும் மலிவு அடாப்டரைப் போட்டால் இரண்டு பக்கத்து மைனஸும் ஒன்றாகி ஆம்ப் ஷார்ட் ஆகும்.

சால்டரிங் பழக்கம் இருந்தால் சீமாய் (CMoy) என்ற எளிய சிறு ஆம்பைத் தாமே செய்துகொள்ளலாம்: ஓ.பி.ஏ. 2134 சிப் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, சில ரெசிஸ்டர்கள், ஒரு வால்யூம் பாட். மூல வரைபடத்தில் 10 கிலோஓமும் 1 கிலோஓமும் போட்டு 11 மடங்கு கெயின் வைத்திருப்பார்கள். இன்றைய போனுக்கு அது மிக அதிகம். 1 கிலோஓமுக்குப் பதில் 4.7 கிலோஓம் போட்டால் 3 மடங்குக்கு இறங்கும். இதிலிருந்து 1.8 வோல்ட்டை ஒட்டித்தான் எதிர்பார்க்கலாம். எம்50எக்ஸுக்கு மிச்சம், டி.டி. 990-க்குச் சுமார், எச்.இ.400எஸ்.இ.-க்கு ஆகாது. சிப்பை சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதென்றால் போலிகள் புழங்குகின்றன, தெரிந்த கடையாகப் பாருங்கள். இதைவிடத் திறமானது, யாரும் செய்துகொள்ளும்படி வரைபடத்தோடு 2011-இல் வெளியான ஓ2 (O2) ஆம்ப். அதன் அவுட்புட் சுமார் 0.5 ஓம்தான், சேர்க்க வேண்டிய பாகங்கள் அதிகம்.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவரும் ஆம்பை அடாப்டர் பார்க்காமல் மாட்டாதீர்கள். பிரான்சிலிருந்து வந்தால் கவலையில்லை, அங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கா, கனடாவிலிருந்து வந்த 120 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் நம் பிளக்கில் சில நொடியில் புகையும். இன்னொன்று: பல மேசை ஆம்ப்கள் ஏ.சி. அடாப்டரில் ஓடுபவை. ரவுட்டருடைய டி.சி. அடாப்டரின் முனை அதில் அப்படியே பொருந்தும், ஆனால் ஆம்ப் வேலை செய்யாது. அடாப்டர் மேல் நெளிகோடு இருந்தால் ஏ.சி., நேர்கோடும் புள்ளிக்கோடும் இருந்தால் டி.சி.

ம்ம்ம் என்று முனகல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்று, அதாவது இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து உண்டாகும் வளையம். ஆம்பையும் லேப்டாப்பையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டுங்கள், அல்லது ஆப்டிகல் வயருக்கு மாறுங்கள். எர்த் பின்னை உடைத்தாலும் முனகல் போகும், உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள். கரண்ட் போனபோது மட்டும் முனகினால் காரணம் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், தேவனாம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்று முதலில் தின்பது ஜாக்கையும் வால்யூம் பாட்-ஐயும்தான். வால்யூமைத் திருகும்போது சரசரவென்றால், செருகியதில் ஒரு காது விட்டுவிட்டு வந்தால், ஆம்ப் கெட்டுவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். பிளக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, ஜாக்கில் 20 முறை செருகி எடுங்கள். வால்யூம் பாட்-க்குள் எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, முனைக்கு முனை 30 முறை திருகுங்கள். துரு எடுக்கும் சாதாரண எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அதில் தூசி ஒட்டி ஆறு மாதத்தில் முன்னைவிட மோசமாகும். கேட்காத நேரத்தில் ஆம்பை மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். பையில் நீலமாக இருந்த மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது, மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் அது சீக்கிரமே மாறும்.