மேஸ்திரி சொல்லும் பதினைந்து நாள்

"பதினஞ்சு நாள்ல முடிச்சிடலாம் சார்" என்று மேஸ்திரி சொன்னால் அது பொய் இல்லை. ஆட்கள் கையில் கரண்டி பிடித்திருக்கும் நாட்களை மட்டும் அவர் எண்ணுகிறார். சிமென்ட் இறுகுவதும் கிரானைட் வந்து சேர்வதும் பிளம்பர் வேறு வேலையை முடித்துவிட்டு வருவதும் அந்தக் கணக்கில் இல்லை. திருச்சிப் பக்கம் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையை மேற்பார்வை பார்ப்பதுதான் என் பிழைப்பு. நாள் கணக்கு தப்புவது பெரும்பாலும் ஆள் இல்லாத நாட்களில்தான்.

ஐந்துக்கு எட்டு அடியில் ஒரு குளியலறையை எடுத்துக்கொள்வோம். பழைய டைல்ஸை உடைத்து ரப்பிஷ் அள்ள இரண்டு நாள். அடுக்குமாடி என்றால் மூட்டை கட்டி இறக்க வேண்டும், சத்தம் போடவும் நேரக் கட்டுப்பாடு இருக்கும். இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரைக் கீறி பைப் பதித்ததும் மூடக் கூடாது. லைனில் அழுத்தம் கொடுத்து, ஓர் இரவாவது வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். அப்புறம் பூச்சு. அது காய்ந்ததும் வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், முதல் கோட் காய்ந்த பிறகே அடுத்தது. அதுவும் இறுகியதும் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, 24 முதல் 48 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்தில் ஓதம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

வேலை சும்மா கிடக்கிறதே என்று வீட்டுக்காரர் பதறுவதும், சரி போகட்டும் என்று மேஸ்திரி டைல்ஸ் ஒட்ட ஆரம்பிப்பதும் இந்த இடத்தில்தான். விடாதீர்கள். டைல்ஸ் ஒட்டி ஒரு நாள் போனதும் இடைவெளிகளை அடைக்கும் கிரவுட், பிறகு குழாய், கம்மோடு. மொத்தம் மூன்று வாரம் என்றுதான் நான் சொல்வேன். வீட்டில் இருப்பதே ஒரு குளியலறை என்றால், அந்த மூன்று வாரம் எங்கே குளிப்பது என்பதை உடைப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

புதிதாகக் கான்கிரீட் போட்டால் சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். தாங்கும் சுவர்களுக்கு இடையே நாலரை மீட்டர் வரை உள்ள தளத்துக்குக் கீழே கொடுத்த முட்டுக்கால்களை 7 நாள் எடுக்கக் கூடாது. அதற்கு மேல் இடைவெளி என்றால் 14 நாள். புதுப் பூச்சின் மேல் பெயிண்ட் அடிக்க ஒரு மாதம் பொறுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்போது அடித்தால் கொப்பளித்து உரியும்.

சமையலறை இன்னொரு வகை. மாடுலர் கிச்சனுக்குக் கடைசி அளவை டைல்ஸும் கிரானைட்டும் முடிந்த பிறகுதான் எடுப்பார்கள். செய்து வர அதற்குப் பிறகு ஒரு மாதம் சாதாரணமாக ஆகும். யுபிவிசி என்ற பிளாஸ்டிக் ஜன்னலும் இப்படித்தான். முன்கூட்டியே வாங்க வேண்டியவையும் உண்டு. தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடும், சுவருக்குள் போகும் டைவர்ட்டர் கையில் இல்லாமல் பிளம்பர் பைப்பைப் பதிக்க முடியாது. டைல்ஸைப் பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். நாலு கல் குறைந்தால் அதே நிறம் தேடி அலைவதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

மாதமும் முக்கியம். மொட்டை மாடி வேலையை மாசி முதல் வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும்; ஐப்பசி, கார்த்திகையில் தளத்தைக் கொத்திப் போட்டால் மழை வீட்டுக்குள் வரும். ஆடியில் புது வேலை தொடங்கப் பலர் யோசிப்பதால் நல்ல கொத்தனார்கள் கையில் நேரம் இருக்கும். சடங்கு பார்க்காதவர்களுக்கு அது நல்ல காலம். தீபாவளிக்குத் தமிழ்நாட்டு ஆள் சொந்த ஊருக்குப் போவார். அதை ஒட்டி வரும் சட் பூஜைக்குப் பீகார் ஆட்கள் போவார்கள். திரும்பி வரும் தேதியை யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் கல்யாணம் என்றால் முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பெயிண்ட் வேலை இரண்டு வாரம் முன்பே முடிய வேண்டும். அதற்கு முன் பூச்சு காய ஒரு மாதம், அதற்கும் முன் உடைப்பும் பைப்பும் ஒயரிங்கும். நாள் போதவில்லை என்றால் விருந்தாளிகள் பார்க்கும் ஹாலுக்கு மட்டும் பழைய பூச்சின் மேலேயே பட்டி பார்த்து வண்ணம் அடித்துவிட்டு, குளியலறையைக் கல்யாணத்துக்குப் பிறகு உடையுங்கள்.

மேஸ்திரியிடம் "எப்போ முடியும்?" என்று கேட்காமல், "இப்போ உங்களுக்கு எத்தனை சைட் ஓடுது, டைல்ஸ்காரர் எந்தத் தேதியில் வருவார்?" என்று கேளுங்கள். பணத்தையும் வாரக் கணக்கில் கொடுக்காமல் பைப் சோதனை முடிந்ததும் இவ்வளவு, தண்ணீர் கட்டிப் பார்த்ததும் இவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள்.