'சுகர் போகும், மாதம் லட்சம் வரும்' என்றால் எதைப் பார்க்க வேண்டும்

சத்துப்பொருள் விற்று, ஆள் சேர்த்தால் கமிஷன் தரும் நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் (எம்எல்எம்) சேரச் சொல்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருந்தால் அது உணவுப்பொருள். அந்த எண் உணவு விற்க உரிமம்தான். நோய் குணமாகும் என்பதற்கு அத்தாட்சி இல்லை. சத்துப்பொருள் டப்பா என்றால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படம் எடுத்து, விற்பவரிடமே காட்டிக் கேளுங்கள். சர்க்கரை நோயும் புற்றுநோயும் குணமாகும் என்று மருந்தை விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால்தான் அந்தப் பேச்சு லேபிளில் வராது, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் வரும். அழிக்காமல் வையுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வருமானத்துக்கு அத்தாட்சியாக கமிஷன் செக்கின் போட்டோ மட்டும் போதாது. அப்லைனிடம், அதாவது உங்களைச் சேர்க்கும் மேல்நிலை ஆளிடம், ஒரு வருட 26ஏஎஸ் படிவம் (அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரிப் படிவம்) கேளுங்கள். கமிஷனில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் அதில் தெரியும். பெரும்பாலும் பேச்சு மாறிவிடும். காட்டினாலும், தன் உறுப்பினர் எண் (ஐடி) செல்லுபடியாக இருக்க அவரே மாதாமாதம் வாங்கும் சரக்கு, பெட்ரோல், மீட்டிங் டிக்கெட் எல்லாவற்றையும் கழியுங்கள்.

ஒவ்வொருவரும் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்ற 'ஆளுக்கு ஆறு பேர்' கணக்கையும் போட்டுப் பாருங்கள். பத்தாவது படிவரை கூட்டினால் சுமார் 7.26 கோடி பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையே 7.21 கோடிதான், கைக்குழந்தையும் சேர்த்து!

சரக்கு விற்காமல் ஆள் சேர்த்தாலே பணம் என்றால் 1978-ம் ஆண்டுப் பணச்சுழற்சித் தடைச் சட்டத்தில் அது குற்றம். போலீசில் எழுதிக் கொடுக்கலாம். பொருள் பற்றிய புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பில், லேபிள் படம், வாய்ஸ் நோட் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.