லேசர் படகில் அவுட்ஹாலை 4:1 ஆக்குவது எப்படி?

ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகான லேசர், பழையது ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் புதுப் பாய்க்கு விலை கேட்பார்கள். அது அப்புறம். முதலில் அவுட்ஹாலைக் கவனியுங்கள், அதாவது பாயின் பின்மூலையான கிளூவைப் பூமின் (பாயின் அடியில் கிடையாக இருக்கும் கம்பம்) கடைசி வரை இழுத்துப் பிடிக்கும் கயிறு. காற்று ஏறும்போது அதை இறுக்கினால் பாய் தட்டையாகும், படகு சாய்வது குறையும். பழைய அமைப்பில் கயிற்றைக் கட்டும் கிளீட் பூமிலேயே இருக்கிறது, படகு சாயாமலிருக்க வெளியே சாய்ந்திருப்பவர் உள்ளே வந்துதான் அதைத் தொட முடியும் என்பதால் யாரும் தொடுவதே இல்லை.

தேவையானவை: சின்னக் கப்பி நான்கு, டெக்கில் (படகின் மேல்தளம்) பொருத்த ஒரு கேம் கிளீட் (கயிற்றை இரு பற்களுக்கு நடுவே கவ்விப் பிடிப்பது), 4 மி.மீ. டைனீமா (மெல்லிய, நீளாத, வலுவான கயிறு), 5 மி.மீ. சாதாரணக் கயிறு.

முதலில் கிளூவில் ஒரு கப்பியைக் கட்டுங்கள். டைனீமாவின் ஒரு நுனியைப் பூமின் பின்முனையில் முடிந்து, அந்தக் கப்பி வழியாக விட்டு, பின்முனை வளையத்துக்குள் நுழைத்து முன்பக்கம் கொண்டுவாருங்கள். அதன் நுனியில் இரண்டாவது கப்பி. இது 2:1, அதாவது பாதி விசையில் இழுக்கலாம்.

அடுத்து 5 மி.மீ. கயிறு. ஒரு நுனியைப் பூமில் இருக்கும் பழைய கிளீட்டில் கட்டி, பின்னால் போய் இரண்டாவது கப்பியைச் சுற்றி, முன்னால் மாஸ்ட் (பாய்மரம்) பக்கம் மூன்றாவது கப்பி, கீழே டெக்கில் நான்காவது, அங்கிருந்து கேம் கிளீட். இரண்டையும் பெருக்கினால் 4:1. கிளூவில் 40 கிலோ இழுவிசை இருந்தால் கைக்கு ஏறக்குறைய 10 கிலோதான், உராய்வு தனிக்கணக்கு. ஆனால் கிளூ 10 செ.மீ. நகர 40 செ.மீ. கயிறு இழுக்க வேண்டும். 8:1 போடலாமே என்று தோன்றும். ஒவ்வொரு கப்பியும் கொஞ்சம் விசையைத் தின்றுவிடும், தளர்த்தும்போது கயிறு லேசில் பின்னால் போகாது. தொடங்குபவர்களுக்கு 4:1 போதும்.

டைனீமாவை உடனே வெட்டிவிடாதீர்கள். அவுட்ஹாலை முழுக்க இறுக்கிப் பாருங்கள், அப்போது இரண்டாவது கப்பி பழைய கிளீட்டில் போய் முட்டக் கூடாது. முட்டினால் டைனீமாவைச் சுருக்குங்கள். அது வழுக்கும் கயிறு, அதனால் போலைன் முடிச்சு (இறுகாத வளைய முடிச்சு) போட்டு வாலை ஒரு விரல் நீளமாவது விட்டுவையுங்கள்.

பலர் கோட்டை விடுவது கிளூவின் கீழ்க்கட்டில்தான். கிளூவையும் பூமையும் சேர்த்துக் கட்டும் அந்த வளையம் தளர்ந்திருந்தால் இழுக்கும்போது கிளூ பின்னால் போவதற்குப் பதில் மேலே எழும்பும். ரொம்ப இறுகினால் நகரவே நகராது. உள்ளே ஒரு விரல் நுழைகிற அளவு இடம் இருக்கட்டும். சென்னைத் துறைமுகம் மாதிரி உப்பு நீரில் ஓட்டினால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிப் பூமை அங்கே கழுவுங்கள், உப்பு காய்ந்தால் வளையம் உப்புத்தாள் போல உரசும்.

சரி, எவ்வளவு இறுக்குவது? நடுத்தரக் காற்றில் எதிர்க்காற்றுப் பக்கம் போகும்போது பாயின் அடிவிளிம்புக்கும் பூமுக்கும் நடுவே சுமார் 15 செ.மீ. இடைவெளி. காற்று பலத்தால் அதைவிடக் குறையுங்கள், காற்றோடு திரும்பினால் தளர்த்திவிடுங்கள்.