தொற்றுக்காலப் பாடசாலை முடிவுகள்: மலையகப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பாடசாலையை மூடுவதா, திறப்பதா என்று அதிபரிடம் வாதிடுவதற்கு முன், அம்முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். கொரோனாத் தொற்றின்போது, 2020 மார்ச்சில் இலங்கை முழுவதும் பாடசாலைகளை மூடியது மத்திய அரசு. அதில் அதிபருக்குக் குரல் இருக்கவில்லை. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாண நிர்வாகத்தின் கீழ் வருவதால், கல்வி அமைச்சின் சுற்றறிக்கை மாகாணக் கல்வித் திணைக்களம் வழியாக ஹட்டன், நுவரெலியா போன்ற வலயக் கல்விப் பணிமனைகளை அடைந்து, பின்னரே அதிபரின் மேசைக்கு வருகிறது. தோட்டத்தில் தொற்று கண்டறியப்பட்டால், சுகாதார வைத்திய அதிகாரியின் ஆலோசனையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கையும் முக்கியம் பெறும்.

பெற்றோரின் சொல் உண்மையில் எடுபடும் இடம் நடைமுறை விடயங்களே: எந்த வகுப்பு எந்த நாளில் வருவது, சிக்னல் கிடைக்காத லயன்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு)ப் பயிற்சித் தாள்களை யார் கொண்டுசெல்வது, கொழுந்து பறிக்கும் தாயின் ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் எப்படிப் பகிர்வது. (இணையவழிக் கல்வி என்று அறிவித்துவிடுவது எளிது.)

இவற்றைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றி, அதிபர் மூலம் வலயப் பணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். மாணவர் தொகை, வகுப்பறைகள், தண்ணீர் வசதி, ஆசிரியர்களின் பயணத் தூரம் ஆகியவற்றைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். 2021 ஒக்டோபர் 21 அன்று 200 மாணவர்களுக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளே முதலில் திறக்கப்பட்டன என்பதால், மாணவர் தொகை வெறும் விவரமன்று. பிரதியொன்றை வைத்திருங்கள். பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், முடிவுக்கு அடிப்படையான ஆவணங்களைக் கோரித் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம்.