முதல் பீரியட்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஒரு ஒத்திகை: ஓடி ஆடுற பொண்ணுங்களோட அம்மா அப்பாவுக்கு

வீட்டுல ஒன்பது, பத்து, பதினொண்ணு வயசுல ஒரு பொண்ணு இருக்கா, ஓடுறா, நீந்துறா, டான்ஸ் ஆடுறா, ஒரு இடத்துல உக்காரவே மாட்டேங்குறான்னா தயவுசெஞ்சு பீரியட்ஸ் விஷயத்தை "வரும்போது பாத்துக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க. வர்ற நேரத்துல நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க, அவ கிரவுண்டுல இருப்பா. நான் அந்த வயசுல யாரும் ஒண்ணும் சொல்லித் தராம, முதல் நாளே பயந்து போய் ஓரமா உக்காந்தவ, அதுக்கப்புறம் ரொம்ப நாள் ஓடவே இல்ல. அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

எப்ப வரும்னா, பொதுவா 10-லருந்து 15 வயசுக்குள்ள, நிறைய பேருக்கு 12 வாக்குல, சிலருக்கு 9-லயே. தேதி யாராலயும் சொல்ல முடியாது, ஆனா உடம்பு முன்கூட்டியே காட்டிக் கொடுத்துடும். மார்பு வளர ஆரம்பிச்சு ரெண்டு, ரெண்டரை வருஷம் கழிச்சுதான் பெரும்பாலும் வரும். நடுவுல கிடுகிடுன்னு உயரமாவா, போன வருஷ பேண்ட் கணுக்காலுக்கு மேல நிக்கும். ஜட்டில வெள்ளையா படுறது ஆரம்பிச்சா இன்னும் ஆறு மாசமோ ஒரு வருஷமோதான்னு வச்சுக்கலாம். அதைப் பாத்துட்டு அவ தனியா பயந்துக்கிட்டு இருப்பா, இது நார்மல்தான்னு நீங்களே முந்திக்கிட்டு சொல்லிடுங்க.

பேசுறதுன்னா உக்கார வச்சு லெக்சர் எடுக்க வேணாம். துணி மடிக்கும்போது, பிராக்டிஸ் முடிஞ்சு வர்ற வழியில, கொஞ்சம் கொஞ்சமா பேசுங்க. கர்ப்பப்பைக்குள்ள மாசாமாசம் ஒரு மெல்லிய படலம் வளருது, தேவைப்படாதப்போ ரத்தத்தோட வெளிய வருது, அவ்வளவுதான் விஷயம். என் பொண்ணு கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, "அம்மா, யூரின் மாதிரி இதையும் அடக்கிக்க முடியுமா?"ன்னு. முடியாது, அதனாலதான் பேட் வைக்கிறோம்னு சொன்ன பிறகுதான் அவளுக்கு மொத்தமும் புரிஞ்சுது. இன்னொரு பயம், உடம்புல இருக்கற ரத்தமெல்லாம் போயிடுமோன்னு. எல்லா நாளும் சேத்தே சுமார் 30, 40 மில்லிதான் போகும், ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன், அளந்தே காட்டுங்க. முதல் தடவை சிவப்பா இல்லாம பிரவுன் கறையா கூட வரலாம், அதையும் சொல்லி வைங்க.

இப்ப ஒத்திகை. ஒரு பேட் எடுத்து அவ கையிலயே பிரிக்கச் சொல்லுங்க, கலர் கலந்த தண்ணி ரெண்டு ஸ்பூன் ஊத்தி எப்படி உறிஞ்சுதுன்னு அவளே பாக்கட்டும். அப்புறம் இன்னொண்ணை வச்சுக்கிட்டு, பிராக்டிஸுக்குப் போடற அதே டிரஸ்ல குதிக்கட்டும், ஓடட்டும், காலை அகட்டி உக்காந்து எழுந்திருக்கட்டும். என் பொண்ணு ஹால்ல நாலு ரவுண்டு ஓடிட்டு வந்து "பின்னாடி நகந்துடுச்சும்மா"ன்னா. ஜட்டி தொளதொளன்னு இருந்ததுதான் காரணம். நல்லா பிடிக்கிற ஜட்டி, விங்ஸ் இருக்கற பேட், மேல ஒரு டார்க் கலர் டைட் ஷார்ட்ஸ்னு மாத்தினதும் நகரவே இல்ல. இது மேட்ச் நடுவுல தெரியறதை விட வீட்டுல தெரியறது எவ்வளவோ மேல். ரத்தத்தை அதுவே உறிஞ்சிக்கற பீரியட் பேண்டியும் ஓடற பிள்ளைங்களுக்கு ரொம்ப வசதி, அதையும் ஒருநாள் சும்மா போட்டுப் பாக்கட்டும்.

நீச்சலுக்கு மட்டும் பேட் ஆகவே ஆகாது, தண்ணியை உறிஞ்சி ஊதிடும். தண்ணிக்குள்ள இறங்கினா ரத்தம் நின்னுடும்னு சொல்றதையும் நம்பாதீங்க, கம்மியா தெரியுமே தவிர நிக்காது. பீரியட் நீச்சல் டிரஸ் இருக்கு, உடம்புக்குள்ள வச்சுக்கிற பஞ்சு மாதிரியான டாம்பூன், உள்ள வச்சு ரத்தத்தைப் பிடிக்கிற சின்ன கப் இருக்கு. கடைசி ரெண்டுக்கும் வயசு ஒரு தடை இல்ல, அவளுக்கு இஷ்டமான்னுதான் பாக்கணும், வற்புறுத்தவே கூடாது. டாம்பூன்னா இருக்கறதுலயே கம்மியா உறிஞ்சுற ரகம் எடுங்க, 8 மணி நேரத்துக்கு மேல உள்ள வச்சிருக்கக் கூடாது, அபூர்வமா ஆனா ஆபத்தான ஒரு இன்ஃபெக்‌ஷன் வரலாம். பேட் நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒருதடவை மாத்தணும், விளையாடி வேர்த்தா அதுக்கும் முன்னாடியே.

ஸ்போர்ட்ஸ் பேக்ல ஒரு சின்ன பவுச் நிரந்தரமா இருக்கணும்: ரெண்டு மூணு பேட், ஒரு ஜட்டி, டார்க் ஷார்ட்ஸ், டிஷ்யூ, அழுக்கானதைப் போட ஒரு ஜிப் கவர். பவுச் இல்லாத நேரத்துல வந்தா டிஷ்யூவை மடிச்சு வச்சுக்கிட்டு ஜாக்கெட்டை இடுப்புல கட்டிக்கிட்டு யார்கிட்டயாவது கேக்கணும். கேக்கறதுதான் அவங்களுக்கு கஷ்டம், அதனால வாய் விட்டு சொல்லிப் பழக்குங்க, "எனக்கு ஒரு பேட் வேணும்" அவ்வளவுதான். ஆம்பள கோச்னா "பாத்ரூம் போகணும், அவசரம்" போதும். கறை பட்ட துணியை பச்சைத் தண்ணில அலசணும், சுடுதண்ணி ஊத்தினா கறை ஒட்டிக்கும்.

வலி வர்றது ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு சுரந்து கர்ப்பப்பையை இறுக்கறதால. நடக்கறது, லேசா ஓடறது, ஸ்ட்ரெச் பண்றது நிறைய பேருக்கு வலியைக் குறைக்கும், சூடான ஒத்தடமும் கேக்கும். மாத்திரைன்னா டாக்டர்கிட்ட கேட்டுக் குடுங்க, ஆஸ்பிரின் மட்டும் இந்த வயசுல வேணாம். விளையாடலாம்னு சொல்றது விளையாடியே ஆகணும்னு ஆகிடக் கூடாது, இன்னிக்கு முடியலைன்னு அவ சொன்னா விட்டுடுங்க. 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய் ரிலே முடிஞ்ச கையோட, நேத்து பீரியட்ஸ் வந்துச்சு, ரொம்ப சோர்வா இருக்குன்னு டிவில ஓப்பனா சொன்னாங்க, அதை உங்க பொண்ணுக்குக் கண்டிப்பா சொல்லுங்க. யூனிஃபார்ம் வெள்ளைதான்னு டீம்ல அடம் பிடிச்சா, முழு வெள்ளைதான் போடணும்னு இருந்த விம்பிள்டன் டென்னிஸ்லயே 2023-லருந்து பெண்கள் உள்ள டார்க் ஷார்ட்ஸ் போடலாம்னு மாத்திட்டாங்கன்னு நீங்களே போய்ப் பேசுங்க.

டாக்டர்கிட்ட போக வேண்டியது எப்பன்னா, ஒரு மணி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் முழுசா நனைஞ்சா, ஏழு நாளுக்கு மேல போனா, வலியால படுத்தே கிடந்தா, 13 ஆகியும் மார்பு வளரவே இல்லைன்னா, 15 ஆகியும் பீரியட்ஸ் வரலைன்னா. கடுமையா டிரெயின் பண்ற பிள்ளைக்கு வந்துக்கிட்டிருந்தது மூணு மாசம் நின்னு போச்சுன்னா "நல்லதாப் போச்சு"ன்னு விட்டுடாதீங்க, ஓடற ஓட்டத்துக்கு சாப்பாடு பத்தலைன்னு அர்த்தமா இருக்கலாம், எலும்பு பலவீனமாகும்.

மத்தபடி முதல் ரெண்டு வருஷம் தேதி முன்னப்பின்னதான் இருக்கும், 21 நாள்லயும் வரலாம் 45 நாள்லயும் வரலாம், காலண்டர்ல அவளே குறிச்சு வைக்கட்டும். பவுச்சை மாசத்துக்கு ஒருதடவை ரெண்டு பேருமா திறந்து பாருங்க, ஒரு பேட் குறையும், ஃப்ரெண்டுக்குக் குடுத்திருப்பா. இந்தத் தடவை ரெண்டு சேத்தே வைங்க.