விருது வாங்கிய வானியல் பாடநூலா? வாங்கும் முன் கவனியுங்கள்

வானியலில் ஆசை வந்ததும் நல்ல புத்தகம் எது என்று தேடுவோம். அப்போது சேம்பிளிஸ் விருது கண்ணில் படும். சிறந்த வானியல் பாடநூல்களுக்காக அமெரிக்க வானியல் கழகம் தரும் விருது அது. ‘விருது வாங்கியிருக்கிறது, நமக்கும் சரியாக இருக்கும்’ என்று உடனே ஆர்டர் போட்டுவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

இந்த விருதுக்கு வரும் நூல், இளநிலைப் பட்டத்தின் மேல் வகுப்புகளுக்கோ முதுநிலை மாணவர்களுக்கோ எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். அறிமுக வகுப்புக்கான நூல்களும் பொது வாசகருக்கான நூல்களும் போட்டியிலேயே கிடையாது. ஆகவே, தொடக்க வாசகருக்கு வேண்டியதை இந்தப் பட்டியலில் தேடிப் பயனில்லை. பட்டியலில் இல்லை என்பதற்காக ஒரு நல்ல அறிமுக நூலைத் தாழ்வாக நினைப்பதும் தவறுதான். கால்குலஸும் மின்காந்தவியலும் கைவசம் இல்லாமல் இப்படியொரு நூலைப் பிரித்தால் பத்தாவது பக்கத்திலேயே நின்றுவிடும். புத்தகம் தன் நிலைக்குப் பொருந்தவில்லை என்று தெரியாமல், ‘எனக்கு வானியல் வராது’ என்று பிள்ளைகள் முடிவு கட்டுவதைப் பார்க்கத்தான் மனம் தாங்கவில்லை. முதலில் ஓப்பன்ஸ்டாக்ஸ் இணையத்தில் இலவசமாகத் தரும் வானியல் பாடநூலைப் படிக்கலாம். அதற்குப் பள்ளிக் கணக்கே போதும்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. பென்சில்வேனியாவின் குட்ஸ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன் சேம்பிளிஸின் பெயரில் அதே கழகம் இன்னொரு விருதும் தருகிறது. கழகக் கூட்டங்களில் ஆய்வுப் போஸ்டர் வைக்கும் மாணவர்களுக்கானது அது. ஒருவர் ‘சேம்பிளிஸ் விருது பெற்றவர்’ என்றால், எந்த விருது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பதிப்பு ஆண்டு. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். பிரபஞ்சம் விரிவடையும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது 1998இல்தான் தெரியவந்தது. ஈர்ப்பலைகள் முதன்முதலாகப் பதிவானது 2015இல். அண்டவியலுக்குப் புதிய பதிப்பு கட்டாயம் வேண்டும். விண்மீனின் உள்கட்டமைப்புக்கு நாற்பது ஆண்டு பழைய நூல்கூட இன்றும் நன்றாகக் கைகொடுக்கும்.

நம் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது அலகுகளில். நாம் மீட்டர், கிலோகிராம், வாட் என்று பழகியவர்கள். உயர்நிலை வானியற்பியல் நூல்கள் பல இன்னும் சென்டிமீட்டர், கிராம், எர்க் என்றே எழுதுகின்றன. சூரியனின் ஒளிர்வு நமக்கு 3.8 × 10²⁶ வாட். அங்கே வினாடிக்கு 3.8 × 10³³ எர்க். வாட் என்றால் வினாடிக்கு ஒரு ஜூல், ஒரு ஜூல் என்பது 10⁷ எர்க் என்பதால் வரும் வேறுபாடு அது. மின்காந்தவியல் பகுதியில் இன்னும் சிக்கல்: கூலும் விதியில் நாம் மனப்பாடம் செய்த 4, பை, எப்சிலான் எதுவுமே இருக்காது. சமன்பாடு தப்பு என்று நினைத்துவிட வேண்டாம், அலகுமுறைதான் வேறு. முதல் அத்தியாயத்தைத் தொடும் முன் பின்னிணைப்பில் உள்ள மாறிலிகள் அட்டவணையைப் பாருங்கள். ஒளியின் வேகம் 3 × 10¹⁰ என்று இருந்தால் அது சென்டிமீட்டர் புத்தகம். அலகு மாற்றங்களை ஒரு தாளில் எழுதி அட்டையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு தொடங்குங்கள்.