ஒன்பது பழைய டிவி, ஒரு நாற்காலி: வீடியோ இன்ஸ்டலேஷன் அமைப்பது எப்படி?

வீடியோ இன்ஸ்டலேஷன் என்றால் ஓர் இடத்தில் திரைகளை அமைத்து உருவாக்கும் கலைப்படைப்பு. இதில் எட்டு டிவியில் ஓயாமல் பேச்சு ஓடும். நடுவிலுள்ள ஒன்பதாவது வாயைத் திறக்காமல், எதிரே உட்கார்ந்தவரின் முதுகை அவருக்கே காட்டும். 1974-ல் வீடியோ கலையின் முன்னோடி நாம் ஜூன் பைக் ஒரு புத்தர் சிலையை டிவியில் தன்னையே பார்க்க வைத்தாரே, அந்த வழிதான்.

வேலூர்ப் பக்கம் 14 இன்ச் டிவிக்கு அலைய வேண்டியதில்லை. 2006-ல் தொடங்கி அரசு கொடுத்த இலவச கலர் டிவி எத்தனையோ வீட்டுப் பரணில் கிடக்கிறது. காயலான் கடையிலும் கேளுங்கள். அங்கேயே பிளக்கில் போட்டு, ஏ.வி. மோடு (பிளேயர், கேமரா படத்தைக் காட்டும் மோடு) வருகிறதா பாருங்கள். பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கினாலும் பிக்சர் டியூபில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் தங்கியிருக்கலாம்.

கண்ணாடிப் பக்கம்தான் கனம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முன்னால் கவிழும். ஸ்லாட்டட் ஆங்கிள் (துளை போட்ட இரும்புச் சட்டம்) ரேக்கில் பிளைவுட் தட்டு போட்டு வரிசைக்கு மூன்றாக வைத்து, ரேக்கைச் சுவரோடு இறுக்குங்கள். பின்னால் அரை அடி காற்று போகட்டும். நம்மூர் வெயிலைச் சொல்லவா வேண்டும்?

டிவிக்கு 60 வாட் என்றால் மொத்தம் 540. ஆனால் ஆன் செய்யும் நொடியில் டீகாஸிங் காயில் (பிக்சர் டியூபின் காந்தத் தன்மையை நீக்கும் கம்பிச்சுருள்) பல மடங்கு கரண்ட் இழுக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் எம்.சி.பி. விழும். 15 ஆம்பியர் பாயின்ட்டில் எடுத்து, ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

யு.எஸ்.பி. உள்ள டிவிடி பிளேயர் நான்கு வேண்டும், ஒன்றுக்கு இரண்டு டிவி. வீடியோவை எக்ஸ்விட் ஏ.வி.ஐ. என்ற ஃபைல் வகைக்கு மாற்றுங்கள், அளவு 720×576, நொடிக்கு 25 ஃபிரேம். போனில் எடுத்த எம்.பி.4 அப்படியே போட்டால் பெரும்பாலும் ஓடாது. ரிப்பீட்டில் ஓரிரு நொடி கறுக்கும், அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் நீங்களே இருட்டு வைத்துவிடுங்கள். ஒரு பிளேயரை இரண்டு டிவிக்குப் பிரிக்க, ஒரு வயரை இரண்டாக்கும் சாதாரண ஒய் பின் வேண்டாம். ஒவ்வொரு டிவியும் 75 ஓம் சுமை, இரண்டு சேர்ந்தாலே படம் மங்கும். அடாப்டர் உள்ள ஏ.வி. ஸ்பிளிட்டர் வாங்குங்கள்.

சேனல் துண்டுகளை வெட்டி ஒட்டினால் காப்பிரைட் தொல்லை. வேலூர் லாங் பஜார் கடை மைக், நண்பர்கள் நடித்த டிவி விவாதம், ரீல்ஸ் தள்ளும் கட்டைவிரல் என நீங்களே எடுங்கள். நான்கு பிளேயருக்கும் 7, 9, 11, 13 நிமிட நீளம் வைத்தால், எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்குவது சீக்கிரம் நடக்காது.

அதிக நேரம் சத்தத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். திரை எத்தனை என்பது அவ்வளவு முக்கியமில்லை. ஒரே பிளேயரில் ஓடும் ஜோடியில் ஒரு டிவியை மியூட் செய்துவிட்டு, ஒருவர் நாற்காலியில் உட்கார, இன்னொருவர் வால்யூமைச் சரிசெய்யட்டும். எந்தக் குரலும் தனியாகப் புரியக் கூடாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வார்த்தை மட்டும் காதில் விழ வேண்டும். முழு வால்யூம் வைத்தால் வெறும் இரைச்சல்தான், ஆள் எழுந்து போய்விடுவார்.

நாற்காலிக்குப் பின்னால், ஆறடி உயரத்தில் 12 வோல்ட் சிசிடிவி கேமரா. கேமரா பின்னை டிவியின் ஏ.வி. பின்னாக மாற்றும் பி.என்.சி.–ஆர்.சி.ஏ. கன்வெர்ட்டர் வழியாக நடு டிவிக்கு நேரே இழுங்கள். ஏ.எச்.டி. (எச்.டி. சிக்னல் தரும்) கேமராவானால் சி.வி.பி.எஸ். மோடுக்கு, அதாவது பழைய டிவிக்குப் புரியும் சாதாரண வீடியோ சிக்னலுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் படம் சரியாக வராது.

கரண்ட் போய் வந்தால் முதலில் பிளேயர்கள், பிறகு டிவிகள். ஒரே மாடல் என்றால் ஒரு ரிமோட் அத்தனை டிவியையும் மாற்றிவிடும். மற்றவற்றின் சென்சாரில் கறுப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.